வட்டெறிதல் வளர்ந்த கதை



ஆரம்பப் பள்ளியில் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று பழகிவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், அங்கே திடலில் புதிதாக ஒரு பொருளைக் காண்கிறார்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து மூடினாற்போல அது இருக்கும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. மரத்தால் செய்து ஓரத்துக்கு இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். பழகுகிறவர்களுக்கென்று ரப்பரில் செய்ததும் உண்டு. அதற்குத்தான் வட்டு என்று பெயர். மலாய் மொழியில் சக்கெரா என்பார்கள். நம்முடைய சக்கரமும் அவர்களுடைய சக்கெராவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

வட்டு என்ற சொல் நமக்குப் புதியதன்று. கல்லாமை அதிகாரத்தில் திருவள்ளுவர் வட்டாட்டத்தைக் குறிப்பிடுகிறார். கட்டம் வரையாமல் வட்டாடுவது போல என்று அங்கே ஓர் உவமை வரும். அது உட்கார்ந்து ஆடும் ஆட்டம். நாம் பேசப்போவது வேறு வட்டு. ஆனால் இதற்கும் தரையில் ஒரு வட்டம் வரைந்தாக வேண்டும். அதற்குள் நின்றுதான் எறிய வேண்டும்.

ஆண்கள் எறியும் வட்டின் எடை 2 கிலோ, குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். பெண்களுடையது 1 கிலோ, குறுக்களவு சுமார் 18 சென்டிமீட்டர். நிற்கும் வட்டத்தின் குறுக்களவு இரண்டரை மீட்டர். லயத்து வீட்டின் ஒரு சிறிய அறையளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைக்குள்ளே சுற்றிச் சுழன்று, வாசலைத் தாண்டாமல், தட்டு மட்டும் வெளியே பறக்க வேண்டும்.

வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆகவே அடுக்களையிலிருந்து ஒரு மங்குத் தட்டை எடுத்துக் குப்புற வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை அதன் முதுகின் மேல் பரப்புங்கள். நான்கு விரல்களின் நுனிக்கணு மட்டும் ஓரத்தை அணைத்திருக்கட்டும். கட்டை விரல் சும்மா மேலே படிந்திருக்கட்டும். இறுக்கிப் பிடிக்கக்கூடாது. கை கீழ்நோக்கித் தொங்கும்போது தட்டு விழுந்துவிடும் போலத் தோன்றுகிறதல்லவா? கையை முன்னும் பின்னும் வீசிப் பாருங்கள், விழாது. தண்ணீர் வாளியை வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாதிருப்பதன் காரணம் எதுவோ அதுவேதான் இங்கும். வீச்சு நிற்காத வரை தட்டு விரலோடு ஒட்டியிருக்கும். பீங்கான் தட்டில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டாம்!

இந்த விளையாட்டு கிரேக்க நாட்டில் பிறந்தது. பழங்காலத்தில் அங்கே கல்லாலும் வெண்கலத்தாலும் வட்டுகள் செய்தார்கள். அந்த ஒலிம்பிக் விழாக்கள் நின்றுபோன பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1896-ல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகளைப் புதிதாகத் தொடங்கியபோது, வட்டெறிதலையும் சேர்த்தார்கள். ஆனால் எப்படி எறிவது? பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை. சொல்லிக்கொடுக்க வாத்தியாரும் இல்லை. இருந்தது ஒரு சிலைதான்.

மைரோன் என்ற கிரேக்கச் சிற்பி கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் வெண்கலத்தில் வடித்த சிலை அது. இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி, வட்டை ஏந்திய கையைப் பின்னால் உயர்த்தி நிற்கும் ஓர் இளைஞன். மூலச் சிலை அழிந்துவிட்டது. ரோமானியர்கள் பளிங்கில் செய்த நகல்களே மிஞ்சின. அந்த நகல்களில் ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உடைந்த நிலையில் அதைத் தோண்டி எடுத்தவர்கள், தலையைத் திசை மாற்றி ஒட்டிவிட்டார்கள். வட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய முகம், தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிலையை மட்டும் நம்பி ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை. சிலை என்பது ஒரே ஒரு கணத்தின் தோற்றம். அதற்கு முந்திய கணத்தில் கால் எங்கே இருந்தது, அடுத்த கணத்தில் எங்கே போகும் என்று அது வாய் திறந்து சொல்லாது.

ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்க வீரர்கள் அந்தச் சிலையின் அழகிலேயே பயிற்சி செய்திருந்தார்கள். பராஸ்கெவோபுலோஸ், வெர்சிஸ் ஆகிய இருவரில் ஒருவர்தான் வெல்வார் என்று நாடே எதிர்பார்த்தது. போட்டி 1896 ஏப்ரல் 6-ம் நாள், பளிங்குக் கற்களால் ஆன பழைய அரங்கில் நடந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ராபர்ட் காரெட் என்ற மாணவரும் அதில் கலந்துகொண்டார். அவர் அதற்கு முன் உண்மையான வட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஊரில் இருந்தபோது கொல்லரிடம் சொல்லி ஒன்று செய்வித்தாராம். அது கிட்டத்தட்ட முப்பது இராத்தல் கனத்ததாம். தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மனிதனால் ஆகாத காரியம்" என்று கைவிட்டுவிட்டாராம். ஏதென்ஸ் வந்து சேர்ந்தபின்தான் உண்மை வட்டு ஐந்து இராத்தலுக்கும் குறைவு என்று கண்டார். கொஞ்சம் எறிந்து பார்த்தார். சரி, நாமும் பெயர் கொடுப்போம் என்று முடிவு செய்தார்.

அவருடைய முதல் எறிதல்கள் கோணலாகப் போயின. பார்வையாளர்கள் சிரித்தார்கள், சிலர் தலை தப்பியது போதும் என்று ஒதுங்கினார்கள் என்பார்கள். அழகில் கிரேக்கர்களுக்குப் பக்கத்தில்கூட அவரால் நிற்க முடியவில்லை. ஆனால் கடைசி எறிதலில் அவர் வட்டு 29.15 மீட்டர் போய் விழுந்தது. பராஸ்கெவோபுலோஸ் எறிந்தது அதைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குறைவு. நம் கணக்கில் ஒரு சாண். கிரேக்கர்களின் சொந்த விளையாட்டு, சொந்த மண்ணில், ஒரு சாண் வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிற்று. காரெட் குண்டு எறிதலிலும் முதலாவதாக வந்தார்.

இதை அதிர்ஷ்டம் என்று சிலர் எழுதுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. கிரேக்கர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று கவலைப்பட்டார்கள். காரெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தட்டு எங்கே போய் விழுகிறது என்பதே அவருக்கு முக்கியம்.

அடுத்த ஒலிம்பிக் 1900-ல் பாரிஸ் நகரில் நடந்தது. அங்கே தனி அரங்கம் எதுவும் கட்டவில்லை. ஊர் எல்லையிலிருந்த பூங்காவனத்தில் ஒரு புல்வெளியைக் கொடுத்தார்கள். புல்லைச் சேதப்படுத்தக்கூடாது, மரங்களை வெட்டக்கூடாது என்று நிபந்தனை வேறு. வட்டெறியக் கிடைத்த இடம் இரு பக்கமும் மரங்கள் நின்ற ஒரு சந்து. இதைப் பட்டணத்துக்காரர்களுக்கு விளக்குவது கடினம், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். ரப்பர் மரத்து இரண்டு நிரைகளுக்கு நடுவே நின்று ஒரு தட்டைச் சுழற்றி நேராக எறியுங்கள் பார்ப்போம்! காரெட்டும் மறுபடி வந்திருந்தார். அவர் எறிந்தவையெல்லாம் மரத்தில் மோதின. ஓர் எறிதலும் கணக்கில் சேரவில்லை. அங்கேரி நாட்டு ருடோல்ஃப் பவர் 36.04 மீட்டர் எறிந்து வென்றார்.

ஆனால் அன்று வரலாறு படைத்தவர் இரண்டாவதாக வந்தவர்தான் என்பது நம் கருத்து. பொஹீமியா நாட்டு இளைஞர் பிரான்டிஷெக் யாண்டா சூக் 35.14 மீட்டர் எறிந்தார். அவரும் அந்தச் சிலையைத்தான் பார்த்தவர். மற்றவர்கள் இந்த இளைஞன் இப்படி நிற்கிறான் என்று பார்த்தார்கள். அவரோ, இவன் சுழன்றுகொண்டிருக்கிறான், சுழற்சியின் நடுவே சிற்பி பிடித்துவிட்டான் என்று எண்ணினார். உடம்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி எறியத் தொடங்கிய முதல் நவீன வீரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

(அதே பாரிஸ் புல்வெளியில்தான் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாவதாக வந்தார். இந்தியாவின் பெயரில் பதிவான முதல் ஒலிம்பிக் பதக்கங்கள் அவை.)

சுழல்வதால் என்ன இலாபம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கவணில் கல்லை வைத்து எறிகிறவர் ஏன் இரண்டு முறை தலைக்கு மேல் சுற்றிவிட்டு விடுகிறார்? கல்லுக்கு வேகம் சேர நேரம் வேண்டும், தூரமும் வேண்டும். நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் வீசினால் வட்டு இடுப்பைச் சுற்றி அரை வளையம்தான் நகரும். அந்தக் குறுகிய தூரத்துக்குள் எவ்வளவு வேகம் சேர்க்க முடியும்? உடம்போடு ஒன்றரைச் சுற்றுச் சுற்றினால் வட்டு போகும் வழி பல மடங்கு நீள்கிறது. முதலில் கால் திரும்பும், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. கை கயிறு போலப் பின்னால் இழுபட்டு வரும். வலக்கைக்காரர் இடப்பக்கமாகச் சுழல்வார். கைப்பலத்தால் எறிவது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். வட்டெறிதலில் பாதிக்கு மேல் காலின் வேலை.

வட்டு கையை விட்டுப் போகும் விதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டு கடைசியாகப் பிரிய வேண்டும். அந்த உரசலால் வட்டு பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். சுற்றும் பம்பரம் சாயாது. சுற்றும் வட்டும் காற்றில் புரளாது, ஏறிய கோணத்திலேயே மிதந்து போகும். சுற்று இல்லாத வட்டு வாழையிலை பறந்தாற்போலத் தடுமாறிக் கீழே விழும்.

காற்றைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. பினாங்குப் பாடாங் கோத்தா திடலில் கடற்காற்று வீசும் மாலையில் வட்டெறிவதாக வைத்துக்கொள்வோம். காற்று முதுகில் படும்படி நின்று எறிந்தால் தூரம் போகுமா, கடலைப் பார்த்துக் காற்றுக்கு எதிராக எறிந்தால் தூரம் போகுமா? காற்று முதுகில் பட்டால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மை மறுபக்கம். பட்டம் விடுகிற பிள்ளையைக் கேட்டால் சரியாகச் சொல்லும். காற்றுக்கு எதிராக ஓடினால்தான் பட்டம் ஏறும். வட்டும் சற்றுச் சாய்ந்து எதிர்க்காற்றின் மேல் படுத்துக்கொண்டு போகிறது. அளவான எதிர்க்காற்று அதைக் கீழே விழாமல் தாங்குகிறது. குண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இனி மார்ட்டின் ஷெரிடனிடம் வருவோம். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1881-ல் பிறந்தவர். பிழைப்புத் தேடிக் கப்பலேறி அமெரிக்கா போனவர்களில் ஒருவர். நியூயார்க்கில் போலீஸ்காரர் ஆனார். கப்பலேறி வந்த கதை நம் பாட்டன் பூட்டன்மாருக்கும் உண்டல்லவா? அதனால் இவர் மீது நமக்குக் கொஞ்சம் ஒட்டுதல் அதிகம். 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் அவரும் ரால்ஃப் ரோஸ் என்பவரும் 39.28 மீட்டரில் சமமாக நின்றார்கள். யார் முதல் என்று தீர்க்க மறுபடி எறியச் சொன்னார்கள். ஷெரிடன் 38.97 மீட்டர், ரோஸ் 36.74 மீட்டர். ரோஸ் மலை போன்ற உடம்புக்காரர். அவரை வெல்ல உடற்கட்டு மட்டும் போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இதற்கிடையே கிரேக்கர்கள் மனம் ஆறவில்லை. சுழன்று எறிவது வட்டெறிதலே அல்ல, பழைய முறைதான் முறை என்று அவர்கள் கருதினார்கள். 1906-ல் ஏதென்ஸ் நகரில் ஒரு சிறப்புப் போட்டி நடந்தபோது, வழக்கமான வட்டெறிதலோடு "கிரேக்க முறை" என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். சுமார் 80 சென்டிமீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சரிவான மேடை. அதன் மேல் ஏறிச் சிலை போல நின்று எறிய வேண்டும். சுற்றக்கூடாது. கால் எங்கே, கை எங்கே, உடம்பு எப்படி வளைய வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம். விளைவு என்ன தெரியுமா? வழக்கமான முறையில் ஷெரிடன் 41.46 மீட்டர் எறிந்து வென்றார். கிரேக்க முறையில் வென்றவர் வெர்னர் யார்வினன் என்ற பின்லாந்துக்காரர், 35.17 மீட்டர். தங்களுக்கென்று வகுத்த முறையில், தங்கள் ஊரிலேயே, கிரேக்கர்கள் மறுபடியும் முதலிடத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். சட்டத்தால் கட்டிப்போட்ட உடம்புக்கும் அவிழ்த்துவிட்ட உடம்புக்கும் உள்ள வித்தியாசம் அது.

1908-ல் லண்டன் ஒலிம்பிக்கிலும் இரண்டு முறைகளும் இருந்தன. இரண்டிலும் ஷெரிடனே முதலாவது. வழக்கமான முறையில் 40.89 மீட்டர், கிரேக்க முறையில் சுமார் 38 மீட்டர். அதோடு கிரேக்க முறையை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஷெரிடன் 1918 மார்ச் 27-ம் நாள் நிமோனியாக் காய்ச்சலில் இறந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 37 வயது.

போலீஸ்காரர் ஒருவர் ஒலிம்பிக் வீரர் என்பது இன்று நமக்குச் சாதாரணம். அந்தக் காலத்தில் அப்படியில்லை. இங்கிலாந்தில் 1866-ல் தொடங்கிய ஓர் உயர்குடி விளையாட்டுச் சங்கம், கைத்தொழிலாளியும் கூலியாளும் தங்கள் போட்டிகளில் சேர முடியாது என்று விதியே எழுதி வைத்திருந்தது. உடம்பால் உழைப்பவனுக்கு உடம்பு ஏற்கெனவே பழகியிருக்குமாம், அது நியாயமாகாதாம்! பின்னாளில் அந்த வாசகத்தை நீக்கினார்கள். ஆனாலும் விளையாட்டினால் காசு வாங்கியவன் ஒலிம்பிக் பக்கம் வரக்கூடாது என்ற விதி வெகுகாலம் நின்றது. அதன் அடி யார் மேல் விழுந்தது? 1912-ல் ஸ்டாக்ஹோம் நகரில் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்காத்லனை ஜிம் தோர்ப் வென்றார். வட்டெறிதலும் அந்தப் பத்தில் ஒன்று. அவர் அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அதற்கு முன் கோடை விடுமுறையில் சிறிய கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி, 1913-ல் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கூலி தேவைப்படவில்லை, ஆகவே அவர்கள் தூய்மையானவர்கள்! தோர்ப் 1953-ல் இறந்தார். 1983-ல் பதக்கங்களின் நகலை அவர் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு முழுமையாக ஏற்றுக்கொண்டது 2022-ல்தான்.

அதே ஸ்டாக்ஹோமில் வட்டெறிதல் இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது எனலாம். இரண்டரை மீட்டர் வட்டம், சுழன்று எறிதல். அனைத்துலகத் தடகளச் சங்கமும் அந்த ஆண்டுதான் பிறந்தது. அது ஏற்றுக்கொண்ட முதல் வட்டெறிதல் உலகச் சாதனை, அமெரிக்கர் ஜேம்ஸ் டங்கன் அவ்வாண்டு மே மாதம் நியூயார்க்கில் எறிந்த 47.58 மீட்டர். அந்தச் சாதனையோடு கப்பலில் வந்தவர், ஸ்டாக்ஹோமில் 42.28 மீட்டருடன் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. வென்றவர் பின்லாந்தின் அர்மாஸ் தாய்ப்பாலே, 45.21 மீட்டர். பின்லாந்து அப்போது ரஷ்ய மன்னரின் ஆட்சியில் இருந்த நாடு.

அங்கே இன்னொரு விந்தையான போட்டியும் இருந்தது. வலக்கையால் எறிந்த தூரத்தையும் இடக்கையால் எறிந்த தூரத்தையும் கூட்டிப் பார்ப்பது. தாய்ப்பாலே வலக்கையால் 44.68, இடக்கையால் 38.18, மொத்தம் 82.86 மீட்டர் எறிந்து அதையும் வென்றார். இந்தப் போட்டி அதற்குப் பின் ஒலிம்பிக்கில் வரவில்லை. அது நின்றுபோனது நமக்கு வருத்தமே. இரண்டு கையாலும் உளி பிடிக்கும் பால்மரத் தொழிலாளிகளுக்கு ஏற்ற போட்டியாக இருந்திருக்கும்.

1916 ஒலிம்பிக் முதல் உலகப் போரில் அடிபட்டுப் போயிற்று. 1920-ல் பின்லாந்து மறுபடி வென்றது, அப்போது சுதந்திர நாடாக. பிறகு அமெரிக்காவின் பட் ஹவுசர் வந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து அக்காள் வீட்டில் வளர்ந்தவர். 1924-ல் பாரிசில் வட்டெறிதல், குண்டு எறிதல் இரண்டையும் வென்றார். ஆண்களில் அதன் பிறகு ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்றவர் இல்லை. அவரிடம் புதிதாக இருந்தது வேகம். ஒன்றரைச் சுற்றை மெல்ல அளந்து சுற்றாமல், நடனம் போலத் துள்ளிச் சுற்றினார். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் 47.32 மீட்டர் எறிந்து மறுபடியும் அவரே முதலாவது.

ஆம்ஸ்டர்டாமில் அதைவிடப் பெரிய செய்தி வேறொன்று. அதுவரை ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. முதன்முறையாக ஐந்தே ஐந்து போட்டிகளைத் திறந்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று வட்டெறிதல். 1928 ஜூலை 31-ம் நாள் போலந்து நாட்டு ஹலினா கோனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் எறிந்து உலகச் சாதனையோடு வென்றார். ஒலிம்பிக் தடகளத்தில் தங்கம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஓட்டக்காரி அல்ல, தாண்டுகிறவள் அல்ல, வட்டெறிந்தவர்! அவர் கவிதையும் எழுதுவார். இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஷெரிடன் 1904-ல் எறிந்ததைவிட இது அதிகம். பெண்கள் வட்டு எடை குறைந்தது என்பதை மறக்கவில்லை. ஆனாலும் எண் எண்தான்.

அந்த ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. உடனே பெண்களால் ஆகாது என்று அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, 1960-ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஓடிக் களைக்காத ஆண் யார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை போலும். வட்டெறிதல் தப்பிப் பிழைத்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், இடைநிலைப் பள்ளியிலிருந்து வரும் மலாய்க் கடிதங்களைத் தோட்டத்துப் பெற்றோர் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கொண்டு வந்து வாசிக்கச் சொல்வார்கள். மகளை வட்டெறிதல் பயிற்சிக்கு அனுப்பச் சம்மதமா, கையொப்பமிடுங்கள் என்று அதில் இருக்கும். வாசித்துச் சொன்னதும், "தோள் பெருத்துவிடும், சார். நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்பார் தகப்பனார். தாயார் ஒன்றும் பேசமாட்டார். உரமூட்டையை முதுகில் சுமந்து செம்பனைக் காட்டுக்குள் நடக்கும்போது பெருக்காத தோள், ஒரு கிலோ தட்டால் பெருத்துவிடுமா என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றும். கேட்பதும் உண்டு.

அப்படிக் கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பெயர் கிருஷ்ணா பூனியா. இந்தியாவில் ஹரியானா மாநிலத்தில் பிறந்தவர். திருமணமாகி, ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் எறிந்தவர். பயிற்சி கொடுத்தவர் கணவரே. 2010 அக்டோபரில் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 1958-ல் ஓட்டத்தில் மில்கா சிங் வென்ற பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தப் போட்டிகளின் தடகளத்தில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. இரண்டாவது ஹர்வந்த் கவுர், மூன்றாவது சீமா அன்டில். மூன்று பேரும் இந்தியர். தகப்பனார்கள் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். சிலர் கையொப்பமிட்டிருக்கிறார்கள். சிலர் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆசியாவில் இந்த விளையாட்டு வேரூன்றியதில் நம்மவர் ஊருக்கும் பங்கு உண்டு. 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-ல் இந்தியக் குழு பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனபோது அதனோடு போனவர் அவர். அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் நாலா திசைகளிலும் பள்ளிகளுக்குப் போய்த் தடகள விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1951-ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுகள் நடந்தபோது வட்டெறிதல் தங்கம் இந்தியாவின் மாக்கன் சிங்குக்குப் போயிற்று. 1954-ல் மணிலாவில் பர்துமன் சிங் வட்டையும் குண்டையும் ஒருசேர வென்றார். நம் மலேசியாவில் முகமது இர்பான் ஷம்சுதீன் 2013 முதல் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பலமுறை தங்கம் எடுத்திருக்கிறார். 2017-ல் கோலாலம்பூரில் சொந்த மக்கள் முன்னிலையில் எடுத்ததும் அதில் சேரும்.

உலகச் சாதனை இப்போது லித்துவேனியா நாட்டு மிக்கோலாஸ் அலெக்னாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒக்லஹாமா மாநிலத்தில் எறிந்த 75.56 மீட்டர். காரெட் எறிந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்தத் திடல் நல்ல எதிர்க்காற்று வீசும் வெட்டவெளி. காற்று எறிந்ததா, ஆள் எறிந்தாரா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் காற்றில் வட்டைப் படுக்கவைக்கத் தெரியாதவனுக்குக் காற்றும் உதவாது.

பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் வட்டை எறியவிடமாட்டார்கள். தரையில் சக்கரம் போல உருட்டச் சொல்வார்கள். ஆள்காட்டி விரலிலிருந்து சரியாகப் பிரிந்தால் வட்டு நேராக உருண்டு போகும். தப்பாகப் பிரிந்தால் தள்ளாடிப் பக்கத்தில் சாய்ந்துவிடும். அடுத்ததாக நின்ற இடத்திலிருந்து எறிவது, அதன் பின்தான் சுழல்வது. எடையும் வயதுக்கேற்ப மாறும். அனைத்துலகப் போட்டிகளில் 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஒன்றரைக் கிலோ, 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்றே முக்கால் கிலோ.

திடலில் கூண்டு போன்ற வலை இல்லாவிட்டால் எல்லாரும் எறிபவருக்கு நன்றாகப் பின்னால் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிற்பதும் ஆபத்து, சுழல்கிறவர் கையிலிருந்து வட்டு எந்தப் பக்கமும் நழுவலாம். ஒருவர் எறியும்போது இன்னொருவர் எடுக்கப் போகக்கூடாது. எல்லாரும் எறிந்து முடித்த பிறகு ஒன்றாகப் போய், கையில் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பி வர வேண்டும். அங்கிருந்தே திருப்பி எறிய எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது.